பழகியது உடம்பா, கிருமியா? ஆன்டிபயாட்டிக் பற்றி மருந்தக முகப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு மருந்தகத்தின் முகப்பில் நிற்பது என் பிழைப்பு. அதற்கு முன் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். ஆன்டிபயாட்டிக் பற்றி யாராவது எதையாவது கேட்காமல் ஒரு நாளும் கடை சாத்தியதில்லை. ஆள் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. பின்னால் நாலு பேர் காத்து நிற்கும்போது அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாகச் சொல்லியிருக்கிறேன்.

"அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிப்போச்சு. வேற ஸ்ட்ராங்கா கொடுங்க." உடம்பு பழகுமா?

பழகாது. தூக்க மாத்திரைக்கு உடம்பு பழகும், சில வலி மருந்துக்கும் பழகும். ஆன்டிபயாட்டிக்கின் வேலை உடம்போடு இல்லை, உடம்புக்குள் புகுந்த பாக்டீரியாவோடு. மருந்துக்கு மசியாமல் போவதும் அந்த பாக்டீரியாதான். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் 12 நாடுகளில் ஏறக்குறைய 10,000 பேரிடம் கேட்டபோது, நூற்றுக்கு 76 பேர் உடம்புதான் பழகிக்கொள்கிறது என்றார்கள். ஆகவே இப்படி நினைப்பவர் நீங்கள் மட்டும் இல்லை.

இதை நான் விடாமல் திருத்துவதற்குக் காரணம் உண்டு. உடம்பு பழகியது என்றால் அது அவரவர் பாடு. கிருமி பழகியது என்றால் அது அவரோடு நிற்காது. கை வழியாக, கழிவறை வழியாக, ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பி வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாட்டிக்கூடத் தொடாத பச்சைக்குழந்தைக்கும் நாலைந்து மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றலாம்.

பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். கணவனுக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் போட்டுக்கொள்கிறான். கிருமி சாகவில்லை, தப்பிக்கக் கற்றுக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. அவளுக்குப் பெனிசிலின் கேட்கவில்லை, இறந்துபோகிறாள். யார் பொறுப்பு என்று சபையைப் பார்த்துக் கேட்டார். இதில் ஒரு வேடிக்கை: தொண்டையைத் தாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் 80 ஆண்டு கழித்தும் பெனிசிலினுக்கு அடங்கித்தான் கிடக்கிறது. மனிதர் எடுத்துச் சொன்ன உதாரணம் பலிக்கவில்லை. மற்ற கிருமிகளில் அவர் பயந்தது அத்தனையும் பலித்துவிட்டது.

கிருமிக்கு மூளையா இருக்கிறது, பழகிக்கொள்ள?

மூளை வேண்டாம், எண்ணிக்கை போதும். நம் குடலில் வாழும் ஈ.கோலை, நல்ல சூடும் சாப்பாடும் கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். ஓர் இரவில் கோடிக்கணக்கில் பெருகும். மரபணுவை இத்தனை முறை பிரதி எடுக்கும்போது எங்காவது எழுத்துப்பிழை விழாமல் இருக்காது. பெரும்பாலான பிழைகளால் ஒரு பயனும் இல்லை. ஏதோ ஒரு பிழை மட்டும் மருந்திலிருந்து தப்ப வைக்கிறது. மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று, அந்த ஒன்றுக்கு வீட்டையே காலி செய்து கொடுத்துவிடுகிறது.

தப்பும் வழி நாலு விதம். மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரப்பது ஒன்று. 'இ.எஸ்.பி.எல்.' என்று கிருமிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்களே, அது இந்த வகை. உள்ளே வந்த மருந்தை வந்த வழியே இறைத்துத் தள்ளுவது இன்னொன்று. மருந்து நுழையும் துளையையே அடைத்துக்கொள்வதும் உண்டு. நாலாவது, மருந்து போய் ஒட்டும் இடத்தை மாற்றிவிடுவது, அதாவது சாவி அதேதான், பூட்டு வேறு. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பேர்போன ஆஸ்பத்திரிக் கிருமி செய்வது இதைத்தான். பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை அடக்க 1959-இல் மெத்திசிலின் வந்தது. இரண்டு ஆண்டுக்குள் இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத கிருமி வந்துவிட்டது, அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கலக்கம் தருவது பிளாஸ்மிட். அது பாக்டீரியாவுக்குள் இருக்கும் சின்ன மரபணு வளையம். தாயிடமிருந்து மகளுக்கு என்று பரம்பரையாகப் போவதோடு நிற்காமல், பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாறும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளிடம் சமையல் குறிப்பை எழுதி நீட்டுவது போல. அந்த ஒரே துண்டுச்சீட்டில் நாலைந்து மருந்தை முறிக்கும் குறிப்பு இருக்கலாம். அதனால்தான் நீங்கள் தொட்டே பார்க்காத மருந்துக்கும் உங்கள் கிருமி அடங்காமல் போகிறது.

சளியும் காய்ச்சலும் வந்தால் ஆன்டிபயாட்டிக் போட்டால் சீக்கிரம் போகும் என்கிறார்களே?

சளிக்காய்ச்சல், ஃபுளூ, கோவிட், பெரும்பாலான தொண்டை வலி, எல்லாம் வைரஸ். பாக்டீரியாவின் சுவரை உடைக்கவும் அதன் உள்யந்திரத்தை நிறுத்தவும் செய்த மருந்துகள் இவை. வைரஸிடம் அந்தச் சுவரும் இல்லை, யந்திரமும் இல்லை. மருந்து போட்ட மூன்றாம் நாள் தேறியிருப்பீர்கள், உண்மை. போடாமல் இருந்தாலும் அன்றுதான் தேறியிருப்பீர்கள்.

"சளி பச்சையா வருது" என்று வருகிறார்கள். அந்த நிறம் கிருமியுடையது இல்லை, கிருமியோடு சண்டைக்கு வந்த நம் வெள்ளணுக்களின் நொதியுடையது. வைரஸ் சளியும் பச்சையாகத்தான் முடியும். இருமலோ சராசரியாக 18 நாள் இழுக்கும். ஒரு வாரத்தில் நிற்கவில்லையே என்று எட்டாம் நாள் ஆன்டிபயாட்டிக் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

அதற்காக வீட்டிலேயே கிடக்கச் சொல்லவில்லை. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், சளியில் ரத்தம் கண்டால், குழந்தை பால் குடிக்க மறுத்தால் அன்றே போங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கியை மறக்கக்கூடாது. இரண்டு மூன்று நாள் காய்ச்சலுக்கு மீந்த அமொக்ஸிசிலினைப் போட்டுக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை கேளுங்கள். மலேசியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 பேருக்கு அது கண்டறியப்படுகிறது.

கிளினிக்கில் டாக்டரே கொடுக்கிறார். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும். "டாக்டர், இது பாக்டீரியாவா வைரஸா? இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா?" இந்த இரண்டு கேள்விக்குக் கோபித்துக்கொண்ட டாக்டரை நான் பார்த்ததில்லை. பலருக்கு அது நிம்மதி.

நம் நாட்டுத் தனியார் கிளினிக்கில் நோயைப் பார்ப்பதும் டாக்டரே, மருந்து கொடுப்பதும் அங்கேயே. காசு கொடுத்தவர் கையில் பாராசிட்டமோல் மட்டும் இருந்தால் முகம் சுருங்குகிறது. "இவ்வளவு வாங்கிட்டு வெறும் பனடோலா" என்று என் முகப்பில் வந்து புலம்பியவர்கள் எத்தனையோ பேர். அடுத்த முறை அந்த நோயாளி வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார் என்பது டாக்டருக்கும் தெரியும். உண்மையில் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டுக்காகத்தான் போனீர்கள் என்றால் அதை நேரே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் ஓய்வுக்காக ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கி வருவது நட்டக் கணக்கு.

ஸ்ட்ராங்கான ஆன்டிபயாட்டிக் என்று ஒன்று உண்டா?

காப்பி போல ஸ்ட்ராங், லைட் என்று இதில் கிடையாது. இந்தக் கிருமிக்கு இது சரி, அந்தக் கிருமிக்கு அது சரி. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று கூடையில் போட்டது: முதலில் எடுக்க வேண்டியவை, கவனித்து எடுக்க வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்கி வைக்க வேண்டியவை. பழைய அமொக்ஸிசிலின் முதல் கூடை. அசித்ரோமைசினும் சிப்ரோஃப்ளோக்சாசினும் இரண்டாவது. கொலிஸ்டினும் லினசோலிடும் மூன்றாவது. மக்கள் ஸ்ட்ராங் என்று கேட்பது பெரும்பாலும் இரண்டாம் கூடை மருந்தை. விலை கூடுதலான மருந்து உங்கள் தொண்டையில் அதிகமாக ஒன்றும் சாதிக்காது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்.

கோர்ஸை முழுதாக முடித்தே ஆக வேண்டுமா? நல்லாயிடுச்சு என்றால் நிறுத்தலாமா?

இந்தக் கேள்விக்கு நான் பத்தாண்டுக்கு முன் சொன்ன பதில் வேறு. அப்போது எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம்: முடிக்காவிட்டால் கிருமி பழகிவிடும். 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சில நிபுணர்கள் இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தேவைக்கு மேல் ஒவ்வொரு நாள் மருந்து போகும்போதும், தோலிலும் குடலிலும் சும்மா இருக்கும் கிருமிகளுக்குப் பழகும் வாய்ப்பு கூடுகிறது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்ற பலவற்றுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாள் போதும் என்று இப்போது ஆய்வுகள் காட்டுகின்றன.

இதைக் கேட்டதும் இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் நோய்க்கு எத்தனை நாள் என்பது காய்ச்சல் விட்டதை வைத்து மட்டும் முடிவாவதில்லை. எலும்பில், ரத்தத்தில், இதய வால்வில் தொற்று என்றால் வாரக்கணக்கு. டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். முன்பே தேறிவிட்டால் போன் போட்டு, "நிறுத்தலாமா" என்று அவரையே கேளுங்கள்.

காசநோய்க்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதமே உடம்பு தேறி, எடை ஏறி, வேலைக்குப் போகத் தொடங்கியதும் நிறுத்துபவர்களிடம்தான் பல மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். பயம் வேண்டாம்.

சீட்டு இல்லாமல் ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள்? போன தடவை இதே மருந்துதானே?

1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி ஆன்டிபயாட்டிக் பி பிரிவு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்றால் என் உரிமம் போகும். தெரிந்தவர், சொந்தக்காரர், பக்கத்து வீட்டு அக்கா என்ற கணக்கெல்லாம் இதில் எடுபடாது. சமூக ஊடகத்தில் விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

சென்னைக்குப் போனபோது வாங்கி வந்த மாத்திரை வீட்டில் இருக்கிறது. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

நம் வீடுகளில் இது பெரிய சங்கதி. சேலை, முறுக்கு, தைலம் வாங்கும் பட்டியலில் இரண்டு அட்டை அசித்ரோமைசினும் சேர்ந்துவிடுகிறது. "அங்கே மலிவு, கேட்டா கொடுத்துடுறான்." இந்தியாவிலும் சட்டப்படி சீட்டு வேண்டும், நடைமுறையில் பல கடைகளில் கேட்பதில்லை.

ஓர் அம்மா பிளாஸ்டிக் டப்பா ஒன்றை என் முகப்பில் கவிழ்த்துக் காட்டினார். ஏழு வகை ஆன்டிபயாட்டிக். பாதிக்குத் தேதி முடிந்திருந்தது. ஒன்றில் மூன்றே மாத்திரை மீதி. "இது வயித்துக்கு, இது பல்லுக்கு, இது மாமாவுக்கு வந்ததே அதுக்கு" என்று வரிசையாகச் சொன்னார். குடும்ப மருத்துவ வரலாறே அந்த டப்பாவில் இருந்தது. மூன்று மாத்திரையால் எந்தத் தொற்றும் தீராது. அரைகுறையாகப் போட்ட பிறகு டாக்டரிடம் போனால் பரிசோதனையில் கிருமி சரியாக வளராது, என்ன நோய் என்பதே மறைந்துபோகும். மீந்ததைக் கழிவறையில் கொட்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அரசு மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் திருப்பிக் கொடுக்கலாம். அந்த அம்மா டப்பாவை என்னிடமே விட்டுப்போனார், டப்பாவை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இந்தியாவுக்கு சிகிச்சைக்கோ சுற்றுலாவுக்கோ போனால் இந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டலாம். நெதர்லாந்தில் ஏறக்குறைய 2,000 பயணிகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. தெற்காசியா போய்வந்தவர்களில் நூற்றுக்கு 75 பேரின் குடலில், போகும்போது இல்லாத இ.எஸ்.பி.எல். கிருமி வரும்போது இருந்தது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, பலருக்கு ஒரு மாதத்தில் மறைந்துவிட்டது. பத்தில் ஒருவருக்கு ஓராண்டு கழித்தும் இருந்தது. பயணத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு ஒட்டும் வாய்ப்பு கூடுதல். சாதாரண வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

'என்.டி.எம்.-1' என்ற நொதி கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனெமையே வெட்டிவிடும். புதுடெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-இல் கிடைத்ததால் அந்த ஊர்ப் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இந்தியாவில் பலருக்கு அதில் கோபம், எனக்கும் அந்தப் பெயர் பிடிக்காது. கிருமிக்குப் பாஸ்போர்ட் கிடையாது, நம் மருத்துவமனைகளிலும் கார்பபெனெமுக்கு அடங்காத கிருமிகள் உண்டு. சென்னையிலோ வேலூரிலோ அறுவை செய்துகொண்டு வந்திருந்தால், இங்கே அடுத்த முறை மருத்துவமனையில் சேரும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள். கேவலம் ஒன்றும் இல்லை, ஒரு பஞ்சுக்குச்சிப் பரிசோதனை செய்வார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. கால் காயத்தில் காப்ஸ்யூலைப் பிரித்து மாவைத் தூவலாமா?

தூவாதீர்கள். பழைய ஆட்கள் செய்தது, எனக்குத் தெரியும். தைப்பூசத்தில் அலகு குத்திய இடத்தில்கூடச் சிலர் தூவுகிறார்கள். அது வயிற்றுக்குப் போகச் செய்த மருந்து. காயத்தில் போட்டால் மேலே ஓடு போல இறுகிவிடும், அடியில் சீழ் கட்டினால் கண்ணுக்குத் தெரியாது. சிலருக்கு அங்கிருந்தே ஒவ்வாமை தொடங்கும். தோலில் வாழும் கிருமிகளுக்கு இது இலவசப் பயிற்சி. ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் சின்னக் காயத்துக்குப் போதும்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னணி. முன்னணியில் இருக்க நமக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. சர்க்கரை கூடிய உடம்பில் ரத்த ஓட்டம் குறைந்து, உணர்ச்சியும் மரத்திருக்கும் பாதம் கிருமிக்கு நல்ல இடம். ஒரே புண்ணுக்கு மாறி மாறி மூன்று நாலு கோர்ஸ் போட்டவர்களிடம், கடைசியில் விரலை எடுக்கும் கட்டத்தில், எந்த மாத்திரைக்கும் கேட்காத கிருமிதான் மிஞ்சியிருக்கும். மருத்துவமனையில் இருந்தபோது இப்படிப்பட்ட சீட்டுகள் கைக்கு வரும்போதே வயதைத்தான் முதலில் பார்ப்பேன். ஐம்பதுகூட ஆகியிருக்காது.

பாதத்தில் புண், சிவப்பு, வீக்கம், வாடை எது கண்டாலும் தாமதிக்காமல் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கேசிஹாத்தானுக்குப் போங்கள். புண்ணைச் சுத்தம் செய்வதும், காலில் பாரம் போடாமல் இருப்பதும், சர்க்கரையை இறக்குவதும் சேர்ந்தால்தான் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை செய்ய வழி கிடைக்கும்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்' போட்டிருக்கிறது. அம்மாவுக்கு மருந்தே இல்லையா?

பயந்துவிடாதீர்கள். சிறுநீரையோ சீழையோ தட்டில் வளர்த்து, பல மருந்துகளைப் பக்கத்தில் வைத்து, எது கிருமியை நிறுத்துகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். 'எஸ்' என்றால் அடங்கும். 'ஆர்' என்றால் அடங்காது. 'ஐ' என்றால் அளவைக் கூட்டிக் கொடுத்தால் அடங்கலாம். பத்து 'ஆர்' இருந்தாலும் ஒரு நல்ல 'எஸ்' போதும். அது ஊசி மருந்தாக மட்டும் இருந்தால்தான் சிரமம், மாத்திரையோடு போக வேண்டிய சிறுநீர்த் தொற்றுக்கு வார்டில் படுக்க வேண்டிவரும். முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, வயதானவர்களின் சிறுநீரில் பாக்டீரியா சும்மாவே இருக்கும். எரிச்சல், காய்ச்சல், வலி எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி இருந்தால், கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. ரிப்போர்ட்டைக் குணப்படுத்தப் போய் பாட்டியைப் படுக்க வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன வயதில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

சொல்லுங்கள், கூடவே என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். மூச்சுத் திணறி முகம் வீங்கியதா, வெறும் வயிற்றுப்போக்கா? பெனிசிலின் ஒவ்வாமை என்று சொல்பவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதில்லை. அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டதால் அவர்களுக்கு எப்போதும் இரண்டாம் கூடை மருந்துதான் கிடைக்கிறது.

கோழியில் ஆன்டிபயாட்டிக் போடுகிறார்களாமே? பாசாரில் கோழி வாங்கவே பயமாக இருக்கிறது.

கோழி, பன்றி, மீன் பண்ணைகளில் நோய்க்கு மட்டுமின்றி, நோய் வராமல் இருக்கவும் சீக்கிரம் வளரவும் ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுப்பது உலகம் முழுக்க நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகக் கொடுப்பதை 2006-இல் முற்றாக நிறுத்தியது. 2015-இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் 'எம்.சி.ஆர்.-1' என்ற மரபணு கிடைத்ததும் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் கூடையில் இருக்கும் கொலிஸ்டினை முறிப்பது அது, அதுவும் நான் முன்பு சொன்ன பிளாஸ்மிட் துண்டுச்சீட்டில். மனிதருக்குக் கடைசி மருந்து என்று நாம் பூட்டி வைத்ததைப் பண்ணையில் தீவனத்தோடு கொட்டிக்கொண்டிருந்தோம். மலேசியா 2019 முதல் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

இதைப் பற்றி ரொம்ப காலமாகச் சத்தம் போட்டது நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 2019-இல் மறைந்த அதன் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ் காலத்திலிருந்தே கோழித் தீவனம் பற்றிப் பேசினார்கள். அன்று பலர் இவர்களுக்கு வேறு வேலை இல்லை என்றார்கள்.

வீட்டுச் சமையலுக்கு வருவோம். மருந்துக்கு அடங்காத கிருமி நெருப்புக்கு அடங்கும். நன்றாக வெந்த கறியில் அது பிழைக்காது. ஆபத்து வெட்டுப்பலகையிலும் தொட்டியிலும். பச்சைக் கோழியைக் குழாயில் பீய்ச்சிக் கழுவினால் தண்ணீரோடு கிருமி சமையலறை முழுக்கத் தெறிக்கும். கோழி வெட்டிய கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் என் மாமியாரை நான் இன்னும் வெல்லவில்லை.

மஞ்சள், தேன், வேப்பிலை போதாதா?

தேனுக்கு ஆதாரம் உண்டு. சளி இருமலுக்கு இதமாக இருக்கும், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. மஞ்சள் பாலைக் குடியுங்கள், தொண்டைக்குச் சுகம். நிமோனியாவுக்கும் சிறுநீரகத் தொற்றுக்கும் அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. தேவையான இடத்தில் ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும் மருந்து. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

இதனால் உண்மையில் எத்தனை பேர் இறக்கிறார்கள்? பூச்சாண்டி காட்டுகிறார்களோ?

2019-இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் கணக்கு வந்தது. 2024-இல் வந்த இன்னொரு கணக்கு, 2025 முதல் 2050 வரை 3 கோடியே 90 லட்சம் உயிர்கள் போகலாம் என்கிறது. இது முன்கணிப்பு, கூடலாம் குறையலாம்.

எண்ணிக்கையைவிட வார்டைப் பார்த்தால் எளிதில் விளங்கும். சிசேரியன், முழங்கால் மாற்று, புற்றுநோய் கீமோ, டயாலிசிஸ், குறைமாதக் குழந்தைப் பராமரிப்பு, எல்லாமே கிருமி தொற்றினால் அடக்கிவிடலாம் என்ற தைரியத்தில் நடப்பவை. அந்தத் தைரியம் போனால் அறுவையே யோசித்துச் செய்ய வேண்டிவரும்.

விஞ்ஞானிகள் புது மருந்து கண்டுபிடிக்க மாட்டார்களா?

கண்டுபிடிக்கிறார்கள், விற்கத்தான் முடியவில்லை. அமெரிக்காவில் அக்காவோஜென் என்ற நிறுவனம் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உருவாக்கி 2018-இல் அனுமதி வாங்கியது. 2019-இல் திவாலாகிவிட்டது. காரணம் எளிது. புது ஆன்டிபயாட்டிக் வந்தால் டாக்டர்கள் அதை அலமாரியில் பத்திரமாக வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை ஆயுள் முழுக்க விற்கும், இது ஏழு நாளோடு சரி. விற்காமல் இருப்பதுதான் நல்லது என்ற ஒரு சரக்கைச் சந்தையின் கையில் விட்டிருக்கிறோம். அரசுகள் விற்பனையைப் பார்க்காமல் ஆண்டுச் சந்தா போலப் பணம் கொடுக்காமல் இது நகராது என்பது என் கருத்து.

மருந்து இல்லாமலும் செய்ய நிறைய உண்டு. ஜார்ஜ்டவுனில் பிறந்த டாக்டர் வூ லியென் தே, 1910-11-இல் சீனாவின் மஞ்சூரியாவில் பரவிய பிளேக்கை ஒரு ஆன்டிபயாட்டிக்கும் இல்லாத காலத்தில் துணி முகமூடியாலும் தனிமைப்படுத்தியும் அடக்கினார். இன்று தடுப்பூசியும் இருக்கிறது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2020 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இங்கே இலவசம். வராத நோய்க்கு மருந்து தேவைப்படாது.

அப்பாவை ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்தார்கள், எல்லாரும் மஞ்சள் அங்கி போட்டு வந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். பேரப்பிள்ளைகளைத் தொடவிடலாமா?

தொடலாம், மடியிலும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கிருமி அவர் குடலிலோ தோலிலோ குடியிருக்கிறது, அவ்வளவுதான். அவருக்கு இப்போது தொற்று இல்லை. குடியிருக்கும் கிருமியைத் துரத்த மாத்திரை கொடுப்பதில்லை, கொடுத்தால் இன்னும் மோசமாகும். மருத்துவமனையில் அங்கி போட்டது பக்கத்துக் கட்டில் நோயாளிக்காக. அங்கே குழாய் செருகியவர்களும் அறுவை முடித்தவர்களும் இருப்பார்கள்.

வீட்டில் கழிவறைக்குப் போனதும் சாப்பாட்டுக்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அவரும் பார்த்துக்கொள்பவரும். துண்டு அவருக்கென்று தனியாக இருக்கட்டும். துணியை வழக்கமான சோப்பில் துவைத்து வெயிலில் போடுங்கள். பெம்பர்ஸ் மாற்றுபவர் கையுறை போட்டாலும் கழற்றிய பிறகு கை கழுவ வேண்டும். ஆறாத புண் இருந்தால் மூடி வையுங்கள். தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டாம். அப்பாவைத் தீட்டுப்பட்டவர் மாதிரி நடத்தினால் அவர் சாப்பிடுவதையே குறைத்துவிடுவார், அதையும் பார்த்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் சீட்டில் கிருமியின் பெயர் எழுதியிருக்கும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அவசரப் பிரிவு முகப்பிலேயே அதைக் காட்டிவிடுங்கள். முதல் ஊசியே சரியான ஊசியாக இருக்க அது உதவும்.